போகத்துக்கு வரும் பணமும் மாதத்துக்கு வரும் வாடகையும்

விவசாயம் செய்து வாழ்ந்த குடும்பத்துக்கு வீட்டு வாடகை பழக்கமில்லாத செலவு. ஊரில் இருந்த காலத்தில் வீடு சொந்த வளவில் இருந்தது. அது கல்வீடோ, மண்வீடோ, கிடுகு வேய்ந்த கொட்டிலோ, அதற்காக மாதா மாதம் எவருக்கும் பணம் எண்ணிக் கொடுக்கவில்லை. கிணற்றுத் தண்ணீருக்கும் விறகுக்கும் முற்றத்து முருங்கைக்கும் விலை இருக்கவில்லை. கையில் காசு வந்தது போகத்துக்கு ஒரு முறை. பெரும்போக நெல் மாசி, பங்குனியில் வீடு வந்தது. குளத்தில் தண்ணீர் இருந்தால் சிறுபோக நெல் ஆவணி, புரட்டாதியில் வந்தது. கடன் அடைப்பது, கலியாணம் செய்வது, கூரை மாற்றுவது எல்லாம் அந்தக் கணக்கிலேயே நடந்தன.

இடம்பெயர்ந்து பட்டணத்துக்கு வந்ததும் இந்தக் கணக்கு தலைகீழாகின்றது. வருமானம் நாட்கூலியாகின்றது, அதுவும் நிச்சயமில்லை. வாடகையோ வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் பிறந்ததும் வாசலில் வந்து நிற்கின்றது. பல குடும்பங்கள் வாடகை வீட்டில் தடுமாறுவதற்குக் காரணம் வாடகை அதிகம் என்பது மட்டுமல்ல. போகக் கணக்கில் பழகிய குடும்பம் மாதக் கணக்குக்குத் தன்னைத் தயார்ப்படுத்தாமல் வீடு எடுப்பதும் ஒரு காரணமாகும். இக்கட்டுரை அந்தத் தயாரிப்பைப் பற்றியது.

வவுனியாவின் அனுபவம்

வவுனியாப் பட்டணம் இதற்கு நல்ல உதாரணம். 1990களில் வடக்கின் பல பகுதிகளிலிருந்தும், குறிப்பாக 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்தை விட்டு மக்கள் வெளியேறிய பின்னரும், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கட்டங் கட்டமாக இங்கு வந்து சேர்ந்தன. பூந்தோட்டம், சிதம்பரபுரம் போன்ற இடங்களில் நலன்புரி நிலையங்கள் அமைந்தன. வசதி சிறிது இருந்தவர்கள் குருமன்காடு, கோவில்குளம், தோணிக்கல், பண்டாரிகுளம் போன்ற இடங்களில் அறையோ வீட்டின் ஒரு பகுதியோ வாடகைக்கு எடுத்தனர். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குப் பெருந்தொகையான மக்கள் வந்தனர். அம்முகாம் 2012 செப்டெம்பரிலேயே முழுதாக மூடப்பட்டது.

இடப்பெயர்வு யுத்தத்தினால் மட்டும் வருவதல்ல. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு ஏற்பட்டது. உயிர் தப்பிய தோட்டக் குடும்பங்களுக்குப் புதிய வீடுகள் கையளிக்கப்பட்டது 2016இல். 2025 நவம்பரில் டித்வா புயலும் வெள்ளமும் மண்சரிவுகளும் நாட்டின் பல மாவட்டங்களில் மக்களை வீட்டை விட்டு வெளியேறச் செய்தன. இந்த அனுபவங்களில் தெரிவது ஒன்று. "இரண்டு மூன்று மாதத்தில் ஊருக்குப் போய்விடலாம்" என்று எண்ணி வீடு எடுப்பவர் பெரும்பாலும் அதைவிட நீண்ட காலம் அங்கே இருக்க நேர்கின்றது. ஆகவே வாடகை வீட்டை ஓராண்டுக் கணக்கில் யோசித்தே எடுக்க வேண்டும்.

எவ்வளவு வாடகை தாங்கும்?

குடும்ப வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீட்டுச் செலவு போகக் கூடாது என்பது பொதுவான அளவுகோல். இங்கே வீட்டுச் செலவு என்பது வாடகை மட்டுமல்ல. மின்சாரம், தண்ணீர், வேலைக்கும் பள்ளிக்கும் போய்வரும் பஸ் காசு ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். வாடகை குறைந்த வீடு தூரத்தில் இருந்தால், மிச்சம் பிடித்த பணத்தைப் பஸ் கொண்டுபோய்விடும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். இதிலுள்ள தொகைகள் விளக்கத்துக்காக எடுத்தவை. உங்கள் தொகைகளை இட்டு நீங்களே போட்டுப் பாருங்கள்.

கணவன் மாதத்தில் 15 நாள் 2,500 ரூபா கூலிக்கும், மனைவி 10 நாள் 1,500 ரூபா கூலிக்கும் வேலை செய்கின்றனர். மாத வருமானம் 37,500 ரூபாவும் 15,000 ரூபாவும் சேர்ந்து 52,500 ரூபா. அதில் மூன்றில் ஒரு பங்கு 17,500 ரூபா. பார்த்த வீட்டின் வாடகை 15,000 ரூபா. "தாங்கும்" என்று தோன்றும்.

ஆனால் மாரி மாதங்களை எண்ணிப் பாருங்கள். கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் மழையினால் கட்டட வேலை குறையும். அவருக்கு 7 நாளும் அவவுக்கு 4 நாளும் வேலை கிடைத்தால் வருமானம் 23,500 ரூபா மட்டுமே. அதில் 6,000 ரூபாவுக்கு மேல் வாடகைக்குக் கொடுத்தால் அடுப்பு எரியாது. அப்படியானால் மாதம் 9,000 ரூபா குறையும். மூன்று மாதத்துக்கு 27,000 ரூபா. இதை மற்ற ஒன்பது மாதங்களில் சேர்க்க வேண்டுமானால் மாதம் 3,000 ரூபா ஒதுக்க வேண்டும். ஆகவே அந்த வீட்டின் உண்மையான வாடகை நல்ல மாதத்தில் 18,000 ரூபா. மின்சாரம், தண்ணீருக்கு 2,000 ரூபாவும் பஸ்ஸுக்கு 2,500 ரூபாவும் சேர்த்தால் 22,500 ரூபா. இந்த வீடு அந்தக் குடும்பத்துக்குத் தாங்காது.

11,000 ரூபா வாடகையில் ஒரு வீட்டை எடுத்தால் எப்படி? மாரியில் குறைவது மாதம் 5,000, மூன்று மாதத்துக்கு 15,000 ரூபா. ஒன்பது மாதங்களில் மாதம் ஏறக்குறைய 1,700 ரூபா ஒதுக்க வேண்டும். வாடகை, ஒதுக்குப் பணம், மின்சாரம், தண்ணீர், பஸ் எல்லாம் சேர்ந்து 17,200 ரூபா. இந்த வீடு தாங்கும்.

வீடு பார்க்கும்போது அறைகளை மட்டும் பார்க்க வேண்டாம். கிணற்றில் கோடையிலும் தண்ணீர் நிற்குமா, மலசலகூடத்தை எத்தனை குடும்பம் பாவிக்கின்றது, மாரியில் வளவுக்குள் வெள்ளம் ஏறுமா என்று அயலவரிடம் விசாரியுங்கள். சிறு வளவு இருந்தால் அது விவசாயக் குடும்பத்துக்குப் பெரிய வரவு. நான்கு பாத்தி கீரை, இரண்டு பப்பாசி, ஐந்தாறு கோழி ஆகியவை மாதச் செலவைக் குறைக்கும். ஆனால் பயிர் வைக்க உரிமையாளரின் சம்மதத்தையும், விளைவது யாருக்கு என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

முற்பணம்

வீடு எடுக்கும்போது பல மாத வாடகையை முற்பணமாகக் கேட்பது வழக்கம். இதற்காக நகையை அடகு வைப்பதும் உழவு இயந்திரத்தை விற்பதும் நடக்கின்றன. உழவு இயந்திரம், நீரிறைக்கும் இயந்திரம், மாடு ஆகியவை ஊர் திரும்பும் நாளில் உங்களை மீண்டும் விவசாயியாக்கும் பொருட்கள். அவற்றை விற்று வாடகை கட்டுவது விதைநெல்லை அவித்து உண்பதற்குச் சமம்.

முற்பணம் இரண்டு வகைப்படும். ஒன்று, மாதா மாதம் வாடகையில் கழிந்து போவது. மற்றது, வீட்டை விடும்போது முழுதாகத் திருப்பித் தருவது. எது என்று எழுதி வைக்காவிட்டால், வீட்டை விடும் நாளில் உரிமையாளர் ஒன்றையும் நீங்கள் மற்றொன்றையும் சொல்வீர்கள். திருப்பித் தருவது என்றால் எத்தனை நாளுக்குள், பழுதுகளுக்கு எவ்வளவு கழிக்கலாம் என்பதையும் எழுத வேண்டும்.

கடதாசியில் இருக்க வேண்டியவை

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்குக் காணியையோ வீட்டையோ குத்தகைக்குக் கொடுப்பதானால், அது நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். இல்லாவிடில் அது சட்டத்தின் முன் செல்லுபடியாகாது. "ஒரு வருடம் இருக்கலாம்" என்று வாயால் சொன்ன வாக்கும், வெறும் தாளில் எழுதி ஒப்பமிட்ட வாக்கும் அந்த ஒரு வருடத்துக்குச் சட்ட உரிமை தரமாட்டா. மாதத்துக்கு மாதம் வாடகை கொடுத்து இருப்பதற்கு நொத்தாரிசு உறுதி தேவையில்லை.

ஆகவே நீண்ட முற்பணம் கொடுப்பவர்கள் நொத்தாரிசிடம் போவதே நல்லது. மாத வாடகைக்கு இருப்பவர்களும் ஒரு தாளில் பின்வருவனவற்றை எழுதி, இரு பகுதியினரும் ஒப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்திருக்க வேண்டும். உரிமையாளர் உண்மையில் என்ன பேசினார் என்பதற்கு அது சாட்சியாகும்.

1. வாடகைத் தொகை, கொடுக்க வேண்டிய திகதி.
2. முற்பணம் எவ்வளவு, எந்த வகை.
3. மின்சாரம், தண்ணீர்ப் பட்டியலை யார் கட்டுவது. குடிபுகும் நாளில் மின்மானியில் இருந்த இலக்கம்.
4. கிணறு, மலசலகூடம், வளவு ஆகியவற்றில் உங்களுக்குள்ள பாவனை.
5. கூரை, கதவு, கிணற்று மோட்டர் பழுதானால் செலவு யாருடையது.
6. வீட்டை விடுவதற்கு எவ்வளவு காலத்துக்கு முன் அறிவிக்க வேண்டும்.

ஒவ்வொரு மாதமும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். உரிமையாளர் பற்றுச்சீட்டு எழுதிப் பழக்கமில்லாதவராக இருந்தால், ஒரு கொப்பியில் திகதியும் தொகையும் எழுதி அவரிடம் ஒப்பம் வாங்கினாலும் போதும். வங்கிக்கூடாகக் கட்டினால் அந்தச் சிட்டையே சாட்சி. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. கணக்குச் சுத்தமாக இருந்தால் உறவும் சுத்தமாக இருக்கும்.

எழுப்பச் சொன்னால்

மாத வாடகையில் இருப்பவரை எழுப்புவதற்கு ஒரு முழு நாட்காட்டி மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்பது நமது பொதுச் சட்டம். மார்ச் 10ஆந் திகதி சொல்லிவிட்டு மார்ச் 31ஆந் திகதி வெளியேறச் சொல்ல முடியாது. ஏப்ரல் முடியும் வரை அவகாசம் உண்டு. நீங்கள் வீட்டை விடுவதானாலும் இதே அறிவித்தல் கொடுக்க வேண்டும். வீடு இன்னொருவருக்கு விற்கப்பட்டாலும் உங்கள் வாடகை உரிமை அந்த விற்பனையால் தானாக முறிவதில்லை. வாங்கியவர் உங்களையும் சேர்த்தே வீட்டைப் பெறுகின்றார்.

1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்பாளருக்குப் பலத்த பாதுகாப்பைத் தந்தது என்று முதியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆனால் பின்னர் வந்த திருத்தங்கள் புதிதாகக் கட்டப்பட்ட வீடுகள் பலவற்றை அதற்கு வெளியே விட்டன. அதனை நம்பி அசட்டையாக இருக்கக் கூடாது. 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், குத்தகைக்குக் கொடுத்த இடத்தை உரிமையாளர் மாவட்ட நீதிமன்றத்தினூடாக விரைவாக மீளப்பெற வழி செய்தது. உறுதியில் எழுதிய காலம் முடியும் திகதியை அதனால் மறக்கக் கூடாது.

ஆனால் எவரும் பூட்டை உடைத்தோ, சாமான்களை வெளியே எறிந்தோ உங்களை எழுப்ப முடியாது. நீதிமன்றமே வழி. பலவந்தமாக வெளியேற்றப்பட்டால் உடனே பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றத்துக்குத் தகவல் கொடுக்கலாம். அவ்வாறு தகவல் கொடுக்கும் திகதிக்கு முன்னரான இரண்டு மாதங்களுக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை மீண்டும் இருத்தும்படி நீதிமன்றம் கட்டளையிடலாம். ஆகவே "பிறகு பார்ப்போம்" என்று நாட்களைக் கடத்த வேண்டாம்.

முற்பணம், பழுது, பட்டியல் பற்றிய சிறு பிணக்குகளை மத்தியஸ்த சபைக்குக் கொண்டு போகலாம். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு ஆலோசனையும் வழக்கறிஞர் உதவியும் வழங்குகின்றது. கொப்பியும் பற்றுச்சீட்டும் உள்ளவரின் சொல் இந்த இடங்களில் எடுபடும்.

வாடகை உதவி எவ்வாறு நடைபெறுகின்றது

வீடு கட்டும் உதவிகள் பெரும்பாலும் காணி உள்ளவருக்கே கிடைக்கின்றன. உதாரணமாக, 2012 முதல் வடக்கு, கிழக்கில் நடைபெற்ற இந்திய வீட்டுத் திட்டத்தில் குடும்பம் ஒன்றுக்கு 550,000 ரூபா கட்டங் கட்டமாக வழங்கப்பட்டது. பயனாளி தன் காணியில் தானே வீட்டைக் கட்டினார். காணியில்லாதவருக்கும், காணி இருந்தும் அங்கே போக முடியாதவருக்கும் அத்தகைய உதவி எட்டுவதில்லை. அவர்களுக்குப் பொருத்தமானது வாடகை உதவி. பிற நாடுகளில் இது செய்யப்பட்ட விதத்திலிருந்து நாம் கற்க இடமுண்டு.

ஹெயிட்டி நாட்டில் 2010 ஜனவரி 12ஆந் திகதி பெரும் பூமியதிர்ச்சி ஏற்பட்டது. கூடார முகாம்களில் தங்கியவர்களில் பெரும்பாலோர் முன்பும் வாடகைக்கு இருந்தவர்கள். அவர்களுக்குச் சொந்தக் காணி இருக்கவில்லை. ஆகவே ஒரு வருட வாடகைக்காக ஒவ்வொரு குடும்பத்துக்கும் சுமார் 500 அமெரிக்க டொலர் கொடுக்கும் திட்டம் கொண்டுவரப்பட்டது. வீட்டைக் குடும்பமே தேடியது. உரிமையாளரிடம் தானே பேரம் பேசியது. வீடு பாதுகாப்பானதா என்று உத்தியோகத்தர் வந்து பார்த்தனர். வாடகை குறைத்துப் பேசினால் மிச்சம் குடும்பத்துக்கே கிடைத்தது. மிச்சம் தமக்கே என்றால் மக்கள் நன்றாகப் பேரம் பேசுவார்கள். வீட்டு வாடகையும் கண்டபடி ஏறாது.

ஜோர்தானில் சிரிய அகதிகளுக்காக 2013 முதல் நோர்வே அகதிகள் பேரவை வேறொரு வழியைக் கையாண்டது. பணமில்லாமல் அரைகுறையாக நின்ற வீடுகளின் உரிமையாளர்களுக்குக் கட்டி முடிக்கப் பணம் கொடுக்கப்பட்டது. அதற்குப் பதிலாக அவர்கள் ஓராண்டோ அதற்கு மேலோ ஓர் அகதிக் குடும்பத்தை வாடகையின்றி இருத்த வேண்டும். நமது சிறு பட்டணங்களிலும் கூரையோ கதவோ மலசலகூடமோ இன்றி நிற்கும் வீடுகள் எத்தனையோ உண்டு. ஊரவருக்கு வீடு முடிகின்றது, வந்தவருக்குத் தங்க இடம் கிடைக்கின்றது. இரு பகுதிக்கும் பகை வளராது. ஆனால் குறித்த காலம் முடிந்ததும் வாடகைச் சுமை மீண்டும் வந்து நிற்கும்.

அதுவே எல்லா வாடகை உதவிக்கும் பொதுவான பலவீனம். ஆகவே உதவி தொடங்கும் மாதத்தைவிட அது நிற்கும் மாதமே முக்கியம்.

உதவியைப் படிப்படியாகக் குறைப்பது ஒரு வழி. 11,000 ரூபா வாடகைக்கு முதல் நான்கு மாதம் முழுத்தொகையும், அடுத்த நான்கு மாதம் பாதியும், கடைசி நான்கு மாதம் காற்பங்கும் கொடுத்தால் மொத்தம் 77,000 ரூபா. ஓராண்டு முழுவதும் முழு வாடகை கொடுத்தால் 132,000 ரூபா. மிச்சமாகும் 55,000 ரூபாவைக் கொண்டு இன்னொரு குடும்பத்துக்கு ஐந்து மாத வாடகை கொடுக்கலாம். உதவி பெறும் குடும்பமும் ஒரே நாளில் 11,000 ரூபா சுமையைத் தூக்க வேண்டியதில்லை. கடைசியில் கூடுவது 2,750 ரூபா மட்டுமே. முழு உதவி கிடைக்கும் முதல் நான்கு மாதமும் பாதி வாடகையைச் சேமித்தால் 22,000 ரூபா கையில் இருக்கும்.

உதவி நிற்கும் காலம் மாரியாக இருக்கக் கூடாது. கார்த்திகையில் உதவியை நிறுத்தினால் தையில் அந்தக் குடும்பம் வாடகைக் கடனில் நிற்கும். அறுவடைக் கூலி கையில் வரும் பங்குனியிலோ அதற்குப் பின்னரோ நிறுத்துவதே பொருத்தம். உதவி வழங்குவோருக்கு விவசாயக் காலண்டர் தெரியாமல் இருக்கலாம். அதனை எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

மற்றொரு எச்சரிக்கை. வாடகை பேசி முடிக்கும் முன்னர் எவ்வளவு உதவி கிடைக்கும் என்பதை வெளியே சொல்ல வேண்டாம். உதவித் தொகை தெரிந்தால் வாடகை அந்தத் தொகைக்கு ஏறிவிடும். உதவி பெறாத ஏழைக் குடும்பங்களும் அந்த உயர்ந்த வாடகையைக் கொடுக்க நேரிடும்.

வெளி உதவி கிடைக்காத இடத்திலும் செய்யக்கூடியது உண்டு. பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து சிக்கன கடனுதவிச் சங்கத்தின் முறையில் மாதம் ஒரு சிறு தொகையைப் போட்டு, முற்பணத்துக்கும் மாரி மாத வாடகைக்கும் கடன் கொடுத்து, நல்ல மாதங்களில் திருப்பி வாங்கலாம். குத்தகைக் காணியில் நெல் விதைத்திருப்பவர், வாடகையின் ஒரு பகுதியை அறுவடைக்குப் பின் தருவதாக உரிமையாளரிடம் பேசி எழுதிக்கொள்ளலாம்.

ஊர்க் காணியை மறக்க வேண்டாம்

பட்டணத்தில் வாடகைக்கு இருப்பது ஊர்க் காணியை விட்டுக்கொடுத்ததாக ஆகாது. ஆனால் நலன்புரி நிலையத்தில் இருப்பவரின் பெயர் பட்டியலில் இலகுவில் இருக்கும். வாடகை வீட்டில் சிதறி இருப்பவரின் பெயர் தவறிவிடலாம். ஆகவே குடிபுகுந்ததும் அவ்விடத்துக் கிராம அலுவலரிடம் பதியுங்கள். சொந்த ஊர்க் கிராம அலுவலருக்கும் உங்கள் இருப்பிடத்தை எழுத்தில் அறிவித்துப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். வீடு மாறும்போது இதையே மீண்டும் செய்யுங்கள்.

காணி உறுதி, அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் பள்ளிப் பத்திரங்கள் ஆகியவற்றைப் பிரதியெடுத்து வேறோரிடத்திலும் வையுங்கள். போக முடியுமானால் இடைக்கிடை காணிக்குப் போய் எல்லையைப் பாருங்கள். தனியார் காணியை வேறொருவர் பத்து ஆண்டுகள் தடையின்றித் தன்னுடையதாக ஆண்டுவந்தால், 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிச் சட்டத்தின் கீழ் உரிமை கோர இடமுண்டு. அப்படி எவராவது குடியேறியிருந்தால் தாமதியாமல் சட்ட ஆலோசனை பெறுங்கள்.

குழுவாகக் கூடும்போது பின்வரும் கேள்விகளைப் பேசிப் பாருங்கள்.

1. நமது குடும்பங்களுக்கு வேலை குறையும் மாதங்கள் எவை? அம்மாதங்களில் வாடகைக்கு எவ்வளவு கொடுக்க முடியும்?
2. நம்மில் எத்தனை பேரிடம் வாடகைப் பற்றுச்சீட்டோ ஒப்பமிட்ட கொப்பியோ உண்டு?
3. நமது பகுதியில் சிறு திருத்தத்துடன் குடியிருக்கக்கூடிய வெறும் வீடுகள் எவை? அவற்றின் உரிமையாளருடன் யார் பேசலாம்?
4. பொது வாடகைச் சேமிப்பு ஒன்றைத் தொடங்க மாதம் எவ்வளவு போடலாம்?

முதற் கேள்விக்கான விடையை ஒவ்வொரு குடும்பமும் தன் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதி வைக்கட்டும். அடுத்த வீட்டுக்கு வாடகை பேசப் போகும்போது அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.